மாட் பண்பாடு: எதைப் படிப்பது, எதைப் பார்ப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்கள் என்பவர்கள் யார்?

1950களின் கடைசியில் லண்டனில் தலையெடுத்த ஓர் இளைஞர் கூட்டம். நவீன ஜாஸ் கேட்பவர்கள் தங்களை 'மாடர்னிஸ்ட்' என்று சொல்லிக்கொண்டார்கள்; பெயர் தேய்ந்து 'மாட்' ஆனது. பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், கீழ்நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள். முதல் தலைமுறையில் கிழக்கு லண்டன், வடக்கு லண்டன் யூதத் தையற்காரக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லத் தெரிந்த வீடுகள் அவை.

போர்க்காலத்தின் பங்கீட்டு அட்டை 1954இல் ஒழிந்தது. கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுப்பது 1960இல் நின்றது. பள்ளியை விட்டதும் வேலை கிடைத்தது, வாரக் கூலி கையில் இருந்தது, தவணையில் ஸ்கூட்டர் வாங்க முடிந்தது. அந்தக் காசு முழுவதும் உடைக்கும் இசைத்தட்டுக்கும் இரவு நடனத்துக்கும் போனது. இத்தாலியப் பாணியில் தைத்த சூட், வெஸ்பா அல்லது லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை, ஜமைக்காவின் ஸ்கா இசை. மாட் என்றதும் நினைவுக்கு வரும் அத்தனையும் இதற்குள் அடங்கும்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது?

'குவாட்ரோஃபீனியா'. தயக்கமே வேண்டாம். 'த ஹூ' குழு 1973இல் வெளியிட்ட அதே பெயருள்ள இரட்டை இசைத்தட்டை வைத்து ஃபிராங்க் ராடம் இயக்கி 1979இல் வந்தது. கதை 1960களின் நடுவில் நடக்கிறது. ஜிம்மி என்ற பையன் (ஃபில் டேனியல்ஸ்) ஒரு விளம்பர நிறுவனத்தில் தபால்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். பகலில் யாரும் அவனைப் பொருட்படுத்துவதில்லை. மாலையில் பார்க்கா அங்கியை மாட்டிக்கொண்டு, விளக்குகளும் கண்ணாடிகளும் பொருத்திய ஸ்கூட்டரில் ஏறும்போதுதான் அவன் தன் கண்ணுக்கே மனிதனாகத் தெரிகிறான்.

பலரும் பிரைட்டன் கடற்கரைச் சண்டைக்காகத்தான் இந்தப் படத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது பொதுக் குளியலறைக் காட்சி. வீட்டில் குளியலறை இல்லாதவர்கள் காசு கொடுத்துக் குளிக்கும் இடம். தொட்டிகளுக்கு நடுவே தடுப்பு. ஜிம்மி வெந்நீரில் படுத்துக்கொண்டு கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' பாட்டைக் கத்திப் பாடுகிறான். பக்கத்துத் தொட்டியில் இருப்பவன் ஜீன் வின்சென்ட்டின் பழைய ராக் அண்ட் ரோல் பாட்டான 'பி-பாப்-அ-லூலா'வை அதைவிட உரக்கப் பாடுகிறான். இரண்டு பேரும் மாறி மாறிக் குரலை ஏற்றுகிறார்கள். கடைசியில் எட்டிப் பார்த்தால், அவன் ராணுவத்திலிருந்து திரும்பி வந்திருக்கும் பள்ளித் தோழன் கெவின் (ரே வின்ஸ்டன்). பழைய கதை பேசிச் சிரிக்கிறார்கள். பிறகு கெவின் தோல் ஜாக்கெட்டில் வந்து நிற்கிறான். அவன் ராக்கர், மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஜிம்மியின் முகம் மாறிவிடுகிறது. இன்னும் சிறிது நேரத்தில் ஜிம்மியின் கூட்டாளிகள் கெவினைப் போட்டு அடிக்கப்போகிறார்கள். அடிபடுவது யார் என்று தெரிந்த பிறகும் ஜிம்மி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விடப்போகிறான். துணியில்லாமல் இருந்த ஐந்து நிமிடம் மட்டுமே அவர்களால் நண்பர்களாக இருக்க முடிந்தது. மாட் வாழ்க்கையில் உடைக்கு இருந்த அதிகாரத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வேறு காட்சி எந்தப் படத்திலும் இல்லை.

அந்தப் படம் நடந்ததை அப்படியே காட்டுகிறதா?

உணர்ச்சியில் உண்மை, தகவலில் கொஞ்சம் தளர்வு. பிரைட்டன் காட்சிகளில் ஒரு திரையரங்கின் முகப்பில் 1978இல் வந்த படத்தின் பெயர் தெரிகிறது. தலைமுடியும் சில நேரம் எழுபதுகளின் தலைமுடிதான். இதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை.

பொருட்படுத்த வேண்டியது வேறு. படத்தைப் பார்த்துவிட்டு மாட் என்றால் பார்க்காவும் கலவரமும் என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். பார்க்கா என்பது அமெரிக்க ராணுவத்தின் எம்-51 ரக அங்கி. உபரிச் சரக்கில் மலிவாகக் கிடைத்தது. ஸ்கூட்டரில் போகும்போது மழையும் எண்ணெய்க் கறையும் உள்ளே இருக்கும் சூட்டில் படாமல் காப்பதுதான் அதன் வேலை. மாட்களின் பெருமை அந்த சூட்டில் இருந்தது. திரையில் அங்கி அழகாக விழுந்துவிட்டதால் காப்பு உறையே கொடியாகிவிட்டது.

இன்னொன்று, நீதிமன்றக் காட்சி. கூட்டத்தின் நாயகனாக வரும் 'ஏஸ் ஃபேஸ்' (பாடகர் ஸ்டிங்) 75 பவுண்டு அபராதத்தைக் கேட்டதும் அலட்சியமாகக் காசோலைப் புத்தகத்தை எடுக்கிறான். பையன்கள் ஆரவாரம் செய்கிறார்கள். அந்தக் காட்சிக்கு உண்மையான மூலம் உண்டு. அடுத்த பதிலில் சொல்கிறேன்.

1964 கடற்கரைச் சண்டைகளைப் பற்றி நம்பகமாக எதைப் படிக்கலாம்?

ஸ்டான்லி கோஹன் எழுதிய 'ஃபோக் டெவில்ஸ் அண்ட் மாரல் பேனிக்ஸ்' (1972). சமூகவியல் நூல் என்று பயப்பட வேண்டாம், துப்பறியும் கதைபோல் ஓடும். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர் கோஹன். ஆய்வு மாணவராக இருந்தபோதே கடற்கரை ஊர்களுக்கு நேரில் போய்ப் பார்த்து, பத்திரிகைச் செய்திகளை நடந்தவற்றோடு ஒப்பிட்டார்.

1964 ஈஸ்டர் விடுமுறை, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிளாக்டன் என்ற சிற்றூர். எண்பது ஆண்டுகளில் அவ்வளவு குளிரான ஈஸ்டர் ஞாயிறு வந்ததில்லை. கடைக்காரர்களுக்கு வியாபாரம் இல்லாத எரிச்சல். லண்டனிலிருந்து வந்த பையன்களுக்குப் போக்கிடமில்லை. சில காபிக் கடைகள் தங்களுக்குப் பரிமாற மறுக்கின்றன என்ற வதந்தி வேறு. சில ஜன்னல்கள் உடைந்தன, சில கடற்கரைக் குடில்கள் சேதமாயின, ஒரு பையன் ஓட்டப் பந்தயத் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டான். மொத்தச் சேதம் 500 பவுண்டைச் சற்றே தாண்டியது. மறுநாள் 'டெய்லி டெலிகிராப்' அதை ஸ்கூட்டர் கூட்டங்களின் பயங்கர நாள் என்று வர்ணித்தது. கைதானவர்கள் 97 பேர் என்று 'டெய்லி மிர்ரர்' தலைப்பிலேயே போட்டது. ஊர்க்காரப் பையன்களுக்கும் லண்டன் பையன்களுக்குமான உரசலாகத் தொடங்கியது, பத்திரிகைகளின் கையில் மாட்களுக்கும் ராக்கர்களுக்குமான போராக மாறியது. அடுத்த விடுமுறையில் பிரைட்டனுக்கும் மார்கேட்டுக்கும் கூட்டம் கூட்டமாக வந்தவர்களில் பலர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, ஏதோ நடக்கப்போகிறது என்று எதிர்பார்த்து வந்தவர்கள்.

மார்கேட்டில் நீதிபதி டாக்டர் ஜார்ஜ் சிம்ப்சன் பையன்களை மரத்தூள் சீசர்கள் என்று திட்டினார். அவர் விதித்த 75 பவுண்டு அபராதத்துக்கு ஒரு பையன் காசோலை தருவதாகச் சொன்னான். உழைக்காமல் கொழுத்த தலைமுறைக்கு இதுவே சாட்சி என்று பத்திரிகைகள் துள்ளின. கோஹன் மீதிக் கதையைச் சொல்கிறார்: அந்தப் பையனிடம் 75 பவுண்டும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை, வாழ்நாளில் ஒரு காசோலையில் கையெழுத்துப் போட்டதும் இல்லை. மூன்று நாள் கழித்து அவனே ஒப்புக்கொண்டான். வெறும் வீறாப்பு அது. பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திரைப்படம் எடுத்துக்கொண்டது பத்திரிகைகள் சொன்ன பாதியை. புத்தகத்தில் மீதியைப் படித்துவிட்டுப் படத்துக்குத் திரும்பினால், ஸ்டிங்கின் அந்தப் புன்னகைக்குப் பின்னால் ஒரு சல்லிக்காசும் இல்லாத பையன் தெரிவான். ஏஸ் ஃபேஸ் பிற்பாடு பிரைட்டன் ஹோட்டல் ஒன்றில் பெட்டி தூக்குபவனாக வரும்போது ஜிம்மிக்கு உண்டாகும் அதிர்ச்சியும் அப்போது இன்னும் ஆழமாகப் புரியும்.

நாவல் ஏதாவது உண்டா?

காலின் மெக்கின்னஸ் எழுதிய 'அப்சொலூட் பிகின்னர்ஸ்' (1959). லண்டனைப் பற்றி அவர் எழுதிய மூன்று நாவல்களில் நடுவில் உள்ளது. பெயர் சொல்லப்படாத ஓர் இளம் புகைப்படக்காரன் 1958 கோடைகாலத்தில் நகரம் முழுவதும் சுற்றிவருகிறான். கடைசிப் பகுதியில் நாட்டிங் ஹில்லில் மேற்கிந்தியத் தீவு மக்கள்மீது வெள்ளையர்கள் நடத்திய இனக் கலவரம் வருகிறது.

மாட் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே மாட் ஒருவனின் உருவத்தைத் தலை முதல் கால் வரை வரைந்து வைத்துவிட்டது இந்த நாவல். நவீன ஜாஸ் விரும்பியான அந்தப் பாத்திரத்துக்கு ஒட்ட வெட்டிய தலைமுடி, கோடு கிழித்ததுபோல் வகிடு. முனை வளைந்த காலர் வைத்த வெள்ளை இத்தாலியச் சட்டை. குட்டையான ரோமானிய ஜாக்கெட், மூன்று பட்டன், பின்னால் இரண்டு சிறு வெட்டுகள். மடிப்பில்லாத கால்சட்டை, அடிச்சுற்று 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கூர்முனைக் காலணி. பக்கத்தில் மடித்து வைத்த வெள்ளை மழைக்கோட்டு. ஒரு தையற்காரர் இந்தப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு துணி வெட்டத் தொடங்கலாம். பக்கத்திலேயே பழைய பாணி ஜாஸ் விரும்பி ஒருவனை அழுக்குக் காலரோடு நிறுத்துகிறார் மெக்கின்னஸ். இருவரையும் சேர்த்துப் பார்த்தால் சண்டை எதைப் பற்றியது என்று விளங்கிவிடும்.

ஆங்கிலம் கொஞ்சம் சிரமப்படுத்தும். அந்தக் காலத்து லண்டன் பேச்சுவழக்கு, ஆசிரியர் தானாக உருவாக்கிய வழக்குகள் இரண்டும் கலந்தது. முப்பது பக்கம் பொறுத்தால் காது பழகிவிடும்.

அந்த நாவலைப் படமாக எடுத்திருக்கிறார்களே?

1986இல் ஜூலியன் டெம்பிள் இசை நாடகப் படமாக எடுத்தார். பாடகர்கள் டேவிட் போவி, ரே டேவிஸ், சாடே எல்லோரும் இருக்கிறார்கள். பெரும் செலவு, பெரும் தோல்வி. சோஹோ தெருக்களை அரங்கமாகப் போட்டு, கேமரா இடைவிடாமல் நகரும் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். போவி எழுதிய தலைப்புப் பாடலைக் கேளுங்கள். நாவலின் கோபம் படத்தில் இல்லை.

அந்த நாட்களிலேயே எழுதப்பட்டவை வேண்டும். பின்னால் நினைவுகூர்ந்தவை வேண்டாம்.

நல்ல கேள்வி. மாட் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டதுதான்.

1962 செப்டம்பரில் 'டவுன்' என்ற ஆண்கள் பத்திரிகை ஸ்டாம்ஃபோர்டு ஹில் பகுதிப் பையன்களைப் பேட்டி கண்டது. படங்கள் எடுத்தவர் டான் மெக்கல்லின், பிற்காலத்தில் போர்க்களப் புகைப்படங்களால் உலகப் புகழ் பெற்றவர். பேட்டி கொடுத்தவர்களில் மார்க் ஃபெல்ட் என்ற பதினைந்து வயதுகூட நிரம்பாத பையன் ஒருவன், பின்னாளில் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் ஆனவன். கடற்கரைக் கலவரத்துக்கு ஒன்றரை ஆண்டு முந்தைய கட்டுரை இது. எதிரிகள் என்று யாரும் இல்லை, பேச்சு முழுவதும் துணிமணிதான்.

அடுத்து, சார்ல்ஸ் ஹாம்ப்ளெட்டும் ஜேன் டெவர்சனும் 1964இல் வெளியிட்ட 'ஜெனரேஷன் எக்ஸ்'. பிரிட்டன் இளைஞர்களை அவர்கள் குரலிலேயே பேசவிட்ட தொகுப்பு. பில்லி ஐடலின் பங்க் குழு தனக்குப் பெயர் எடுத்துக்கொண்டது இதிலிருந்துதான்.

அமெரிக்கரான டாம் உல்ஃப் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் 'டைல்ஸ்' கிளப்பைப் பற்றி எழுதிய 'த நூன்டே அண்டர்கிரவுண்ட்' கட்டுரையையும் தவறவிடக் கூடாது; 1968இல் வந்த அவருடைய 'த பம்ப் ஹவுஸ் கேங்' தொகுப்பில் இருக்கிறது. அலுவலகப் பையன்களும் கடைப் பெண்களும் மதிய உணவு இடைவேளையில் நிலத்தடிக் கிளப்புக்குள் இறங்கி, நண்பகல் இருட்டில் ஆடிவிட்டு, மீண்டும் வேலைக்கு ஏறி வருகிறார்கள். மேலே மேலதிகாரி நடக்கிற தெருவுக்குக் கீழே வேறொரு சமூகத் தராதரம் இயங்குகிறது என்பதை உல்ஃப் பார்த்த விதம் அபாரம்.

தேடி அலைய நேரமில்லாதவர்களுக்கு பாவ்லோ ஹெவிட் 1999இல் தொகுத்த 'த ஷார்ப்பர் வேர்டு' இருக்கிறது. மெக்கின்னஸ், உல்ஃப் உள்ளிட்ட பலரின் பகுதிகளை ஒன்றாகச் சேர்த்தது.

உடைகளுக்காக மட்டும் ஒரு புத்தகம் வாங்க வேண்டும் என்றால்?

ரிச்சர்டு பார்ன்ஸின் 'மாட்ஸ்!' (1979). பார்ன்ஸ் ஈலிங் ஓவியக் கல்லூரியில் 'த ஹூ' குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டின் அறைத்தோழர். அந்தக் குழுவுக்குப் பெயரைச் சொன்னவரே இவர்தான். முன்னால் ஒரு நீண்ட கட்டுரை, பிறகு கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். நாகரிகம் எவ்வளவு வேகமாக மாறியது, சென்ற மாதம் உயிராக இருந்த ஜாக்கெட் இந்த மாதம் ஏன் வெட்கக்கேடு ஆனது, எப்படி நடப்பது, எப்படி நிற்பது என்பது வரை அவர் எழுதுகிறார். உள்ளே இருந்து பார்த்தவரின் கண் இது. புகைப்படங்களில் நட்சத்திரங்களைவிட, பெயர் தெரியாத பையன்களின் காலரையும் காலணியையும் கவனியுங்கள்.

கடைத்தெருவின் கதை வேண்டுமென்றால் ஜான் ஸ்டீஃபனைப் பற்றிப் படிக்க வேண்டும். கிளாஸ்கோவிலிருந்து வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. ஒடுங்கிக் கிடந்த கார்னபி தெருவில் 1950களின் கடைசியில் கடை போட்டு, சில ஆண்டுகளில் அந்தத் தெருவையே ஆண்களுக்கான உடைச் சந்தையாக மாற்றினார். கடைக்குள் உரக்கப் பாட்டு, கண்ணைப் பறிக்கும் நிறங்கள், வாரந்தோறும் புதுச் சரக்கு. இன்றைய உடைக் கடைகள் எல்லாம் அவர் போட்ட பாதையில்தான் நடக்கின்றன. ஜெரமி ரீடு 2010இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். போருக்குப் பிந்தைய ஆங்கிலேய ஆண்களின் உடையைப் பற்றி நிக் கோன் 1971இல் எழுதிய 'டுடே தேர் ஆர் நோ ஜென்டில்மென்' இன்னும் கூர்மையானது.

நிக் கோன் என்றதும் நினைவுக்கு வருகிறது: 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்துக்கும் மாட்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, வியப்பான தொடர்பு. நியூயார்க் புரூக்ளின் டிஸ்கோவில் ஆடும் இத்தாலிய வம்சாவளி இளைஞனைப் பற்றி கோன் 1976இல் 'நியூயார்க்' பத்திரிகையில் உண்மைச் செய்தியாக எழுதிய கட்டுரைதான் 1977இல் அந்தப் படமானது. 1990களில் கோன் உண்மையைச் சொன்னார்: அந்த இளைஞன் கற்பனை. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருந்த அவருக்கு டிஸ்கோ உலகம் பிடிபடவில்லை. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், அறுபதுகளில் தாம் அறிந்திருந்த ஒரு மாட் இளைஞனை எடுத்து, ஊரையும் பெயரையும் மாற்றி எழுதிவிட்டார். பத்திரிகை அறத்தின்படி மன்னிக்க முடியாத காரியம். ஆனால் ஜான் டிரவோல்டா கண்ணாடி முன் நின்று தலைமுடியைப் படியச் சீவும் காட்சியை இனி நீங்கள் வேறு கண்ணோடுதான் பார்ப்பீர்கள். வாரம் முழுதும் பெயிண்ட் கடையில் நின்று, சனிக்கிழமை இரவில் அரசனாக ஆடும் அவன் ஜிம்மிக்கு உடன்பிறந்தவன்.

இசையைப் பற்றி எங்கே தொடங்குவது?

மாட் இசை என்றதும் த ஹூ, ஸ்மால் ஃபேசஸ் என்றுதான் கைகள் போகும். இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஆனால் மாட்கள் ஆடியது பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழுக்களின் பாட்டுக்கு அல்ல. டெட்ராய்ட்டின் மோட்டவுன், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் சோல் இசைத்தட்டுகள், கிங்ஸ்டனின் ஸ்கா ஆகியவைதான் அவர்களை விடிய விடிய ஆட்டிவைத்தன. இதைச் சொல்லாமல் மாட் வரலாறு எழுதுவது பெரிய அநியாயம். பல புத்தகங்கள் அதை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன.

வார்டோர் தெருவின் ஃபிளமிங்கோ கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களும், இங்கிலாந்தின் ராணுவத் தளங்களில் இருந்த கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்களும் வருவார்கள். சிப்பாய்கள் கொண்டுவந்த இசைத்தட்டுகள் மேடை வரை போயின. அங்கே வாசித்துக்கொண்டிருந்த ஜார்ஜி ஃபேம், புக்கர் டி குழுவின் 'கிரீன் ஆனியன்ஸ்' கேட்ட பிறகு பியானோவிலிருந்து ஹாமண்ட் ஆர்கனுக்கு மாறினார். அங்கேயே பதிவுசெய்யப்பட்டு 1964இல் வந்த 'ரிதம் அண்ட் ப்ளூஸ் அட் த ஃபிளமிங்கோ' இசைத்தட்டில் அந்த அறையின் புழுக்கம் அப்படியே இருக்கிறது. லண்டனின் கறுப்பின இசையை நூறாண்டுக் கதையாகச் சொல்லும் லாய்டு பிராட்லியின் 'சவுண்ட்ஸ் லைக் லண்டன்' (2013) இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

படமாக வேண்டுமென்றால் 'லாம்பர்ட் அண்ட் ஸ்டாம்ப்' (2014) என்ற ஆவணப்படம். இசையமைப்பாளரின் மகன் கிட் லாம்பர்ட்டும், தேம்ஸ் நதியில் இழுவைப் படகு ஓட்டியவரின் மகன் கிறிஸ் ஸ்டாம்ப்பும் ஒரு குழுவைப் பற்றிப் படம் எடுக்கக் கிளம்பி, ஹாரோ பக்கத்தில் ஒரு ரயில்வே ஹோட்டலில் ஆடிக்கொண்டிருந்த குழுவைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு மேலாளர்களாகிவிட்ட கதை. அந்தக் குழு அப்போது 'ஹை நம்பர்ஸ்', பிறகு த ஹூ. அதே குழுவை மாட் பாணிக்குத் திருப்பிய விளம்பரக்காரர் பீட் மீடன். கடினமான சூழ்நிலையில் தூய்மையாக வாழ்வதுதான் மாட் வாழ்க்கை என்று அவர் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தூக்க விரோதியான ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் அந்த இரவுகளில் தாராளமாகப் புழங்கின என்பதையும் சேர்த்தே அந்த வாக்கியத்தைப் படிக்க வேண்டும். 1964இலேயே அரசு சட்டம் போட்டு அவற்றை அனுமதியின்றி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது.

பெண்கள் எங்கே?

இருந்தார்கள், எழுதியவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. சுயமாகச் சம்பாதித்த தட்டச்சுப் பெண்களும் கடைப் பெண்களும், குட்டை முடி, தட்டைக் காலணி, நேர்கோட்டு ஆடையோடு அதே கிளப்புகளில் ஆடினார்கள். 'குவாட்ரோஃபீனியா'வில்கூட ஸ்டெஃப் ஜிம்மியின் ஆசையாகத்தான் வருகிறாளே தவிர, அவளுக்கு என்ன ஆசை என்று படம் கேட்பதில்லை. டோயா வில்காக்ஸ் நடித்த 'மங்கி' பாத்திரத்தின் ஓரிரு பார்வைகளில் அந்தக் குறை கொஞ்சம் தீர்கிறது.

கிறிஸ்டின் ஃபெல்ட்மன் எழுதிய 'வீ ஆர் த மாட்ஸ்' (2009) பெண்களுக்கு உரிய இடம் தருகிறது; ஜெர்மனி, ஜப்பான் வரை மாட் பாணி பரவியதையும் விவரிக்கிறது. உடை வடிவமைப்பாளர் மேரி குவான்ட்டைப் பற்றி 2021இல் வந்த 'குவான்ட்' ஆவணப்படமும் பார்க்கத் தக்கது. எல்லாவற்றையும்விட நான் பரிந்துரைப்பது 1963 முதல் 1966 வரை ஒளிபரப்பான 'ரெடி ஸ்டெடி கோ!' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் எஞ்சிய துண்டுகளை. தொகுப்பாளர் கேத்தி மெக்கோவன் தொலைக்காட்சிக்கு முற்றிலும் புதியவர். பார்வையாளர்களின் வயதுக்காரர், அவர்களைப் போலவே உடுத்தியவர், அவர்களைப் போலவே தடுமாறிப் பேசியவர். வெள்ளிக்கிழமை மாலை அவர் அணிந்ததைப் பார்த்து மறுநாள் கடைக்குப் போன பெண்கள் ஏராளம். பெரும்பாலான பதிவுகளை நிலையமே அழித்துவிட்டது என்பது நெஞ்சு பொறுக்காத செய்தி.

'ப்ளோ-அப்' மாட் படமா?

இல்லை. அந்தோனியோனியின் 1966ஆம் ஆண்டுப் படம் லண்டனைக் காட்டுகிறது, மாட்களை அல்ல. அதற்குள் பாணி பணக்காரர்களிடமும் புகைப்படக்காரர்களிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. மகத்தான படம், வேறு காரணங்களுக்காகப் பாருங்கள்.

1970களில் மாட்கள் திரும்பி வந்தார்கள் என்கிறார்களே?

வோக்கிங் ஊரைச் சேர்ந்த பால் வெல்லரின் 'த ஜாம்' குழு வழி திறந்தது. 1979இல் சீக்ரெட் அஃபேர், பர்ப்பிள் ஹார்ட்ஸ், த கார்ட்ஸ் போன்ற குழுக்கள் வந்தன. அதே ஆண்டில் 'குவாட்ரோஃபீனியா' வெளியானதும் பார்க்கா அணிந்த பையன்கள் பிரிட்டன் முழுவதும் நிறைந்துவிட்டார்கள். கவெண்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய 'டூ டோன்' இசைத்தட்டு நிறுவனம் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நிற்கும் குழுக்களோடு ஸ்காவை மீட்டெடுத்தது. அந்த அலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதல் தலைமுறையின் வாரிசுகள் வேறு திசைகளிலும் பிரிந்தார்கள். முரட்டு மாட்கள் 1960களின் கடைசியில் தலைமுடியை ஒட்ட வெட்டிய 'ஸ்கின்ஹெட்' கூட்டம் ஆனார்கள். அவர்களுடைய 1980களைக் காட்டும் ஷேன் மெடோஸின் 'திஸ் இஸ் இங்கிலாந்து' (2006) நெஞ்சை உலுக்கும் படம். வட இங்கிலாந்தில் அரிதான சோல் இசைத்தட்டுகளைத் தேடி ஆடியவர்களைப் பற்றி எலைன் கான்ஸ்டன்டைன் எடுத்த 'நார்தர்ன் சோல்' (2014) நடனத்தைக் காட்டும் விதத்துக்காகவே பார்க்க வேண்டியது. நடிகர்கள் நீண்ட காலம் பயிற்சி எடுத்து ஆடியிருக்கிறார்கள். அது திரையில் தெரிகிறது.

மெட்ராஸ் துணிக்கும் இந்தப் பாணிக்கும் தொடர்பு இருப்பது உண்மையா?

உண்மை. நம் கைத்தறிக் கட்டம்போட்ட பருத்தித் துணி ஐம்பதுகளில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கோடைகால உடையானது. துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து கட்டங்கள் ஒன்றோடொன்று கலக்கும். அந்தக் குறையையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். அமெரிக்கக் கல்லூரி பாணியை விரும்பிய லண்டன் பையன்களிடம் 'மெட்ராஸ்' என்ற பெயரோடே ஜாக்கெட்டாகவும் சட்டையாகவும் அது போய்ச் சேர்ந்தது. அந்தக் கால உடைகளைப் பற்றிய புத்தகங்களின் புகைப்படங்களில் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டைகளைப் பார்த்தால் நின்று கவனியுங்கள்.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

'குவாட்ரோஃபீனியா' வெளியானபோது பிரிட்டனில் வயது வந்தோருக்கான 'எக்ஸ்' சான்றிதழ் பெற்றது. வசவு, மாத்திரை, அடிதடி, உடலுறவு எல்லாம் உண்டு. முடிவில் ஜிம்மி செங்குத்தான பாறை விளிம்பில் ஸ்கூட்டரை ஓட்டுவது மனச்சோர்வில் இருக்கும் பதின்வயதினரைக் கலங்கடிக்கக்கூடும். படத்தின் முதல் காட்சியிலேயே அவன் அந்த விளிம்பிலிருந்து நடந்து வருகிறான் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சுட்டிக்காட்டிவிடுங்கள். 'திஸ் இஸ் இங்கிலாந்து' இன்னும் கடுமையானது. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க 'ரெடி ஸ்டெடி கோ!' துண்டுகள் போதும். பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு தொகுத்து வழங்கிய 1965ஆம் ஆண்டு மோட்டவுன் சிறப்பு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள்.